ரப்பர் பாலும் நானோ துகளும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குலசேகரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்தவன் நான். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் வேதியியல் நடத்தினேன். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மருத்துவத்துக்கான இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள். அது ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து கல்யாண வீட்டிலும், நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பஸ்ஸிலும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்பவர்களில் பாதிப் பேர் மாணவர்கள். மீதிப் பேர் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாதவர்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

நானோ துகள் என்றால் எவ்வளவு சிறியது?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ளவற்றை நானோ துகள் என்கிறார்கள். ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 7000 நானோமீட்டர். கொரோனா வைரஸ் 100 நானோமீட்டரை ஒட்டியது. டிஎன்ஏ இழையின் தடிமன் 2 நானோமீட்டர். ஆக, செல்லைவிட மிகச் சிறியதாகவும், மருந்து மூலக்கூறைவிடப் பெரியதாகவும் இருக்கிற இடைப்பட்ட உலகம் இது.

"பல்பணி" நானோ துகள் என்கிறார்களே, அது என்ன?

காலையில் தெருவில் மீன் கொண்டுவரும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். கடவத்தில் மீன் இருக்கிறது. மேலே ஈரத்துணி போட்டிருக்கிறார். எந்த வீட்டில் நெத்திலி வாங்குவார்கள், எந்த வீட்டில் சாளை வாங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். குரல் கொடுத்தபடியே வருவதால் எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று நமக்கும் தெரிந்துவிடும்.

பல்பணித் துகளிலும் இந்த நான்கும் உண்டு. நடுவில் ஒரு கரு: தங்கம், இரும்பு ஆக்சைடு, சிலிக்கா, கொழுப்பு என ஏதாவது ஒன்று. அதற்கு மேலே ஒரு பூச்சு. பூச்சில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியோ சிறு புரதத் துண்டோ குறிப்பிட்ட செல்லின் மேலிருக்கும் ஏற்பியை (பூட்டுப்போல நிற்கும் புரதத்தை) அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். உள்ளே மருந்துச் சுமை. கருவே காந்தமாகவோ ஒளிர்வதாகவோ இருந்தால், துகள் எங்கே இருக்கிறது என்று ஸ்கேனில் தெரியும். நோயைக் காட்டுவதும் அதற்கு மருந்து தருவதும் ஒரே துகளின் வேலையாக வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் நெடுநாள் ஆசை.

இதை எப்படிச் செய்கிறார்கள்? பெரிய தொழிற்சாலை வேண்டுமா?

கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். செய்வது எளிது. நல்ல கண்ணாடிப் பாத்திரமும் பொறுமையும் இருந்தால் போதும்.

தங்கத்தை எடுத்துக்கொள்வோம். 1857இல் மைக்கேல் ஃபாரடே தங்க உப்பிலிருந்து மாணிக்கச் சிவப்பு நிறத்தில் ஒரு கரைசல் செய்தார். அவர் செய்த கரைசல்களில் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் சிவப்பு மாறாமல் இருக்கின்றன. இன்று பல ஆய்வகங்களிலும் செய்யும் முறை 1951இல் டர்கெவிச் குழு தந்தது. தங்கம் அடங்கிய குளோரோஆரிக் அமிலக் கரைசலைக் கொதிக்கவிட்டு, சோடியம் சிட்ரேட்டைச் சட்டென்று ஊற்ற வேண்டும். வெளிர் மஞ்சள் முதலில் நிறமிழக்கும். பிறகு சாம்பலும் நீலமும் கலந்த ஒரு கருமை வரும். முதன்முறை செய்யும் மாணவர்கள் இந்தக் கட்டத்தில் "கெட்டுப்போய்விட்டது சார்" என்று அடுப்பை அணைக்கப் பார்ப்பார்கள். சில நிமிடம் பொறுத்தால் திராட்சை ரசச் சிவப்பு எழும். துகளின் அளவு 15, 20 நானோமீட்டர் இருக்கும். முந்தின நாளே குடுவையை, தங்கத்தையும் கரைக்கும் ராஜதிராவகத்தால் கழுவி வைக்காவிட்டால் மட்டும் இது கைவிட்டுவிடும். பழைய அழுக்கின் ஒரு புள்ளி கிடைத்தாலும் தங்கம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இரும்பு ஆக்சைடு இன்னும் விரைவு. இரண்டு வகை இரும்பு உப்புகளை, ஃபெரஸ் ஒரு பங்கு, ஃபெரிக் இரண்டு பங்கு என்று கலந்து அம்மோனியா விட்டால் கண்ணெதிரே கருப்பு வீழ்படிவு வரும். அதுதான் மேக்னடைட். நைட்ரஜன் வாயு செலுத்திக்கொண்டே செய்ய வேண்டும். காற்று பட்டால் கருப்பு மெல்லப் பழுப்பாகிவிடும். பாத்திரத்துக்கு வெளியே ஒரு காந்தத்தைப் பிடித்தால் கருந்துகள் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடிச் சேரும். காந்தத்தை எடுத்துவிட்டால் துகள்கள் தங்கள் காந்தத்தன்மையை மறந்துவிடும். ஏறத்தாழ 20 நானோமீட்டருக்குக் கீழே போனால் கிடைக்கும் இந்தக் குணத்துக்கு மீபாராகாந்தத்தன்மை (சூப்பர்பாராமேக்னட்டிசம்) என்று பெயர். நிரந்தரக் காந்தமாக இருந்தால் ரத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்ளும். ஆகவே இந்த மறதிதான் மருத்துவத்துக்கு வேண்டியது.

கொழுப்புத் துகள் வேறு வகை. கொழுப்பை ஆல்கஹாலில் கரைத்து, ஆர்என்ஏ (செல்லுக்குப் புரதம் செய்யச் சொல்லும் மூலக்கூறு) கலந்த அமில நீரோடு மயிரிழைக் குழாய்களில் வேகமாகச் சந்திக்க விடுவார்கள். தண்ணீர் பிடிக்காத கொழுப்பு தானே உருண்டு, ஆர்என்ஏவை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும்.

அவ்வளவு எளிது என்றால் சிக்கல் எங்கே?

பூச்சில். எனக்கு இது புரிந்தது ஆய்வகத்தில் அல்ல, அப்பாவின் ரப்பர் ஷெட்டில்.

பால் வடிக்கிற வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியுமுன் மரத்தைக் கீறி, சிரட்டையில் சொட்டிய பாலை வாளியில் எடுத்துவந்து வடிகட்டி, தண்ணீர் கலந்து, அலுமினிய டிஷ்ஷில் ஊற்றுவார்கள். அதுவரை அது பால். ஃபார்மிக் ஆசிட்டை நீர்க்கக் கலந்து அதில் விட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, மேலே வரும் நுரையை அப்பா ஓலைத்துண்டால் வழித்து எறிவார். மறுநாள் காலையில் டிஷ்ஷைக் கவிழ்த்தால் வெள்ளைப் பாளமாக விழும். அதுதான் பிறகு ரோலரில் போய் ஷீட்டாக வரும்.

அந்தப் பாலும் ஒரு கூழ்மம்தான், அதாவது நுண்துளிகள் கரையாமல் மிதக்கும் திரவம். அதில் மிதக்கும் ரப்பர் துளிகளில் சில 100 நானோமீட்டர் அளவிலும், சில அதைவிடப் பல மடங்கு பெரிதாகவும் இருக்கும். ஒவ்வொரு துளியைச் சுற்றியும் புரதமும் கொழுப்புமாக ஒரு மெல்லிய உறை. அந்த உறை எதிர்மின்னூட்டம் கொண்டது. எல்லாத் துளிக்கும் ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. ஆசிட் விட்டதும் மின்னூட்டம் அடங்குகிறது, தள்ளும் விசை போய்விடுகிறது, கட்டிக்கொள்கின்றன. தொலைவுக்கு அனுப்பும் பாலில் அம்மோனியா சேர்ப்பது இதைத் தடுக்கத்தான்.

ஆய்வின் முதல் ஆண்டில் சிட்ரிக் அமிலப் பூச்சு போட்ட இரும்புத் துகள்களைச் செய்து வைத்திருந்தேன். வாலைவடி நீரில் வாரக்கணக்கில் அப்படியே நின்றது. நிறம் நல்ல கட்டன் சாயா. பெருமையோடு நாலைந்து பேரைக் கூட்டி வைத்து, மருந்துக் கடையில் வாங்கிய சலைன் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக் காட்டினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அடியில் காப்பி மண்டிபோல இறங்கிவிட்டது. மேலே வெறும் தண்ணீர். அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா சிரித்துவிட்டு, "பாலுக்கு ஆசிட் விட்ட கதைதானே" என்றார். ஒரு வரியில் என் ஆய்வறிக்கையின் இரண்டாம் அத்தியாயத்தைச் சொல்லிவிட்டார். சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. அந்த உப்பு துகள்களின் மின்னூட்டத்தை மறைத்துவிடுகிறது. ரத்தமும் உப்புநீர்தான், அதுவும் புரதம் நிறைந்த உப்புநீர்.

அதனால்தான் மின்னூட்டத்தை மட்டும் நம்பாமல், துகளைச் சுற்றி டெக்ஸ்ட்ரான், பாலிஎதிலீன் கிளைக்கால் போன்ற நீண்ட சங்கிலிகளை முளைக்க வைக்கிறார்கள். நெருங்கினாலும் சங்கிலிகள் இடித்துக்கொள்ளுமே தவிரக் கருக்கள் தொட்டுக்கொள்ள முடியாது. சிலிக்கா ஓட்டுக்குள் வைப்பது இன்னொரு வழி. இந்தப் பூச்சு வேலைக்கு ஆகும் காலமும் செலவும் கரு செய்வதைப்போலப் பல மடங்கு. கருவை ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். பூச்சு எனக்கு மூன்று ஆண்டு எடுத்தது.

நம் ஊர் மருத்துவமனையில் இதெல்லாம் எப்போது வரும்?

வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. யாரும் அதை நானோ என்று கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் டிரிப்ஸில் ஏற்றும் அயர்ன் சுக்ரோஸ் ஒரு நானோ கூழ்மம்தான். நடுவில் இரும்பு ஆக்சி-ஹைட்ராக்சைடு கரு, வெளியே சர்க்கரைப் பூச்சு. இரும்பை அப்படியே உப்பாக ரத்தத்தில் செலுத்தினால் நச்சாகிவிடும். பூச்சுக்குள் வைத்துக் கொடுத்தால் உடம்பு மெல்ல மெல்ல எடுத்துக்கொள்கிறது.

2021இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது லிபோசோமல் ஆம்போடெரிசின் தேடி எத்தனை குடும்பங்கள் அலைந்தன என்பது நினைவிருக்கும். ஆம்போடெரிசின் பழைய மருந்து, ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 100 நானோமீட்டருக்கும் குறைவான கொழுப்புக் குமிழியின் சுவரில் அதைச் செருகி வைத்தபோது அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. விலைக்கும் தட்டுப்பாட்டுக்கும் அந்தக் குமிழியும் ஒரு காரணம்.

இந்த இரண்டு மருந்துகளையும் பற்றி ஒரு செய்தி, செவிலியர்களுக்குத் தெரிந்தது. அயர்ன் சுக்ரோஸை உப்பு சலைனில்தான் கலக்க வேண்டும். லிபோசோமல் ஆம்போடெரிசினை உப்பு சலைனில் கலக்கவே கூடாது, குளுக்கோஸ் பாட்டிலில்தான் கலக்க வேண்டும். மாற்றிக் கலந்தால் வீழ்படிவு வரக்கூடும். மேசையில் அருகருகே இருக்கும் இரண்டு பாட்டில்களில் எது என்பதைத் துகளின் மேல்தோல் தீர்மானிக்கிறது. என் சலைன் கதைக்குப் பிறகு இந்த விதியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

புற்றுநோய்க்கு, டாக்சோரூபிசின் மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த டாக்சில் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயத்துக்கு வரும் சேதத்தை அது குறைத்தது. பதிலுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும் தொல்லையைக் கொண்டுவந்தது. பக்லிடாக்செலை ஆல்புமின் புரதத்தோடு சேர்த்து 130 நானோமீட்டர் துகளாக்கிய அப்ராக்சேன் 2005இல் வந்தது. இவை எல்லாம் ஒருபணித் துகள்கள் என்பதைக் கவனியுங்கள்.

மருந்துக் கடையில் விற்கும் கர்ப்பப் பரிசோதனைக் கிட்டில் தோன்றும் செந்நிறக் கோடும் பெரும்பாலும் தங்க நானோ துகள்தான். ஆன்டிபாடி ஒட்டிய தங்கம் சிறுநீரோடு ஊர்ந்துபோய், கர்ப்ப ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு, கோட்டில் நிற்கும் இன்னொரு ஆன்டிபாடியிடம் சிக்கிக்கொள்கிறது. ஃபாரடேயின் சிவப்பு அந்தச் சின்னச் சன்னலில் தெரிகிறது.

நாங்கள் போட்டுக்கொண்ட கொரோனா தடுப்பூசியில் நானோ துகள் இருந்ததா?

நம் மாவட்டத்தில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டது கோவிஷீல்டும் கோவாக்சினும். ஒன்றில் தீங்கற்றதாக மாற்றிய அடினோவைரஸ், மற்றதில் செயலிழக்கச் செய்த கொரோனா வைரஸ். இரண்டிலும் செயற்கைக் கொழுப்பு நானோ துகள் கிடையாது. வாட்ஸ்அப்பில் வந்த "காந்தம் ஒட்டும்" காணொளிகளுக்கும் நானோவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வியர்த்த தோலில் நாணயம் எதுவானாலும் ஒட்டும்.

ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் உண்டு. அவற்றின் கொழுப்புத் துகளில் நான்கு வகைக் கொழுப்புகள். அவற்றில் ஒன்று, செல்லின் உள்ளறைக்குள் போய் அமிலத்தைச் சந்திக்கும்வரை மின்னூட்டம் காட்டாமல் இருந்து, அங்கே போனதும் நேர்மின்னூட்டம் பெற்று அறையின் சுவரைக் குலைத்து, ஆர்என்ஏவை வெளியே விடுகிறது. ரப்பர் பாலைக் கட்ட வைக்கும் அதே அமில வித்தையை இங்கே கதவு திறக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதுவரை வந்த பல்பணித் துகள்களில் அதிகம் பேரைச் சென்றடைந்தது இதுதான் என்பேன்.

காந்தத் துகளை ஊசியில் போட்டு, வெளியே காந்தம் வைத்து நோய் உள்ள இடத்துக்கு இழுக்கலாமா?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. எனக்கும் தோன்றியது. ஆனால் காந்த விசை தூரம் கூடக்கூட மளமளவென்று விழுந்துவிடும். தோலுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டரில் பிடிப்பது வேறு, கல்லீரலின் நடுவில் ஓடும் ரத்தத்தில் பிடிப்பது வேறு.

காந்தத் துகள் வேறு இடங்களில் உதவியிருக்கிறது. எம்ஆர்ஐயில் அது சேரும் இடம் கருமையாகத் தெரியும். மார்பகப் புற்றுநோய் அறுவையில், கட்டியிலிருந்து நோய் முதலில் எந்த நிணநீர்க் கணுவுக்குப் போகும் என்று கண்டுபிடிக்க இரும்பு ஆக்சைடு திரவத்தை ஊசியில் செலுத்தி, கையடக்கக் காந்தமானியால் தேடுகிறார்கள். கதிரியக்கப் பொருள் இல்லாமலே வேலை முடிகிறது. 2018இல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. மூளைக் கட்டிக்குள் நேராகவே துகளைச் செலுத்தி, திசை மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தில் சூடேற்றி அழிக்கும் முறைக்கு 2010இல் ஐரோப்பாவில் அனுமதி வந்தது. அதிலும் துகள் தானாகத் தேடிப் போகவில்லை. மருத்துவர் கொண்டுபோய் வைக்கிறார்.

நானோ மருந்து நேராகப் புற்றுக்கட்டிக்கு மட்டும் போகும் என்று படித்தேன். உண்மையா?

திருவனந்தபுரம் புற்றுநோய் மருத்துவமனையான ஆர்சிசிக்குப் போய்வரும் குடும்பங்கள் பஸ்ஸில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். அதனால் மழுப்பாமல் சொல்கிறேன்.

1986இல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும் ஒன்றைக் கவனித்தார்கள். புற்றுக்கட்டியின் ரத்தக் குழாய்கள் அவசரத்தில் கட்டியவை, ஓட்டை நிறைந்தவை. பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து தேங்குகின்றன. அதன்மேல்தான் இந்தத் துறையின் பாதி நம்பிக்கை எழுந்தது. 2016இல் பத்தாண்டு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, செலுத்திய துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது இடைநிலை மதிப்பில் 0.7 சதவீதம். ஆயிரத்தில் ஏழு. அதுவும் பெரும்பாலும் எலிகளில், எலிக்கு வைத்த கட்டிகளில்.

மற்றவை எங்கே போகின்றன? ரத்தத்தில் இறங்கிய உடனே புரதங்கள் துகளின் மேல் வந்து அப்பிக்கொள்கின்றன. நாம் கஷ்டப்பட்டு ஒட்டிய ஆன்டிபாடி அந்தப் புரதப் போர்வைக்கு அடியில் மறைந்துபோகலாம். செல்லின் கண்ணுக்குத் தெரிவது நம் பூச்சு அல்ல, அந்தப் போர்வை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் காவல் நிற்கும் விழுங்கும் செல்கள் போர்வையைப் பார்த்து, வேண்டாத சரக்கு என்று பிடித்துக்கொள்கின்றன.

இந்த மருந்துகளால் பயனில்லை என்று இதற்குப் பொருளில்லை. கட்டிக்கு அதிகம் போகாவிட்டாலும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் குறைவாகப் போனாலே நோயாளிக்கு லாபம். டாக்சில் தந்த லாபம் பெரிதும் அதுதான். ஆனால் "நல்ல செல்லைத் தொடாது, கெட்ட செல்லை மட்டும் கொல்லும்" என்று யாராவது விளம்பரம் செய்து பணம் கேட்டால், நம்பி நடக்கும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சை தரும் மருத்துவரிடம் அந்தத் துண்டறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அப்படியானால் ஒரே துகளில் எத்தனை வேலைகளை ஏற்றலாம்?

மீன் அம்மாவின் கடவத்துக்குத் திரும்புவோம். மீனோடு அரை மூட்டை அரிசியும் ஒரு குலை மட்டிப் பழமும் ஏற்றினால் சந்தைக்கே போய்ச் சேரமாட்டார்.

ஆய்வுக் கட்டுரைகளில் கருவும் ஓடும் ஆன்டிபாடியும் சாயமும் இரண்டு மருந்தும் தாங்கிய துகள்களின் வண்ணப்படங்கள் அழகாக இருக்கும். ஒவ்வொரு பாகம் ஒட்டும்போதும் கொஞ்சம் வீணாகும், அளவு கொஞ்சம் கூடும், ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் வேறுபாடு வரும். ஐந்து படிகளில் ஒவ்வொன்றும் 80 சதவீதம் வெற்றி என்றால், கடைசியில் ஐந்தும் சரியாக அமைந்த துகள்கள் மூன்றில் ஒரு பங்குதான். அதைத் தொகுதி மாறாமல் செய்து காட்டாதவரை எந்த அதிகாரியும் மனிதருக்குப் போட அனுமதி தரமாட்டார். தரவும் கூடாது.

மனிதரிடம் சோதனைவரை போன பல்பணித் துகள்கள் அடக்கமானவை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிறந்த சிலிக்காப் புள்ளிகள் 7 நானோமீட்டர் அளவிலானவை. உள்ளே ஒளிரும் சாயம், மேலே கதிரியக்க அயோடினும் ஒரு சிறு புரதத் துண்டும். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள ஐந்து பேரிடம் சோதித்த முடிவு 2014இல் வெளியானது. துகள்கள் சிறுநீர் வழியே வெளியேறிவிட்டன. பிரான்சில் உருவான அகுயிக்ஸ் இன்னும் எளிது. 5 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கான் கூட்டில் கடோலினியம் என்ற உலோகம். அதே கடோலினியம் எம்ஆர்ஐயில் கட்டியை வெளிச்சமிட்டுக் காட்டுகிறது, கதிர்வீச்சு சிகிச்சையின்போது கதிரின் தாக்கத்தையும் கூட்டுகிறது. ஒரே பொருள், இரண்டு வேலை, கூடுதல் சுமை இல்லை. எனக்குப் பிடித்த பல்பணி இதுதான்.

மணவாளக்குறிச்சி மணலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியாக இல்லை. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டு தேடிவந்தது பழைய கதை. அன்று வேண்டியிருந்தது காஸ் விளக்கு வலைக்கான தோரியம். அதே மோனசைட்டில்தான் சீரியம், லாந்தனம், நியோடிமியம், சிறிதளவு கடோலினியம் எல்லாம் இருக்கின்றன. சீரியம் ஆக்சைடு நானோ துகள் இரண்டு மின்னூட்ட நிலைகளுக்கு இடையே மாறிமாறி, செல்லில் சேதம் செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் துடைத்தெடுக்கிறது. அது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. அதே மணலில் உள்ள இல்மனைட் என்ற கனிமத்திலிருந்து வரும் டைட்டானியம் டை ஆக்சைடு வெயில் களிம்புகளில் நானோ வடிவில் இருக்கிறது.

மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் ஆலையில் நடப்பது கனிமங்களைப் பிரித்தெடுக்கும் வேலை. மோனசைட்டை உடைத்து, சீரியம், லாந்தனம் போன்ற அருமண் தனிமங்களாக்கும் வேதிப்பணி ஒடிசாவிலும் ஆலுவாவிலும் நடக்கிறது. மணல் அள்ளுவது குறித்துக் கடலோர ஊர்களுக்கு இருக்கும் கோபமும் பயமும் தனி விவகாரம். "மருந்துக்குத்தானே" என்று சொல்லி அதை நியாயப்படுத்த யாராவது வந்தால் ஏற்காதீர்கள். மருத்துவ நானோ துகளுக்கு வேண்டிய அருமண்ணின் அளவு மிக மிகச் சொற்பம்.

தங்க பற்பமும் நானோ மருந்துதான் என்கிறார்களே?

வர்ம ஆசான்களும் சித்த வைத்தியர்களும் நிறைந்த மாவட்டம் நம்முடையது. இந்தக் கேள்வி வராமல் இராது. நல்ல பற்பம் தண்ணீரில் மிதக்க வேண்டும், விரல் ரேகைக்குள் புக வேண்டும் என்பது பழைய சோதனை. எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாத காலத்தில் துகளின் நுண்மையை அறியக் கண்ட அருமையான வழி அது. புடம் போட்டு எடுத்த பற்பங்களில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதும் பதிவாகியிருக்கிறது. அவற்றோடு அதைவிடப் பெரிய துகள்களும் கலந்தே இருக்கும்.

ஆனால் சிறியது என்பதாலேயே பாதுகாப்பானது ஆகிவிடாது. சிறுத்தால் நல்லதும் விரைவாகப் போகும், கெட்டதும் விரைவாகப் போகும். உலோகம் சேர்ந்த மருந்தைத் தகுதியுள்ள சித்த மருத்துவரிடம், பரிசோதனைச் சான்றுள்ள தயாரிப்பாக மட்டுமே வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு இலைச்சாறும் சில்வர் நைட்ரேட்டும் கலந்து வெள்ளி நானோ துகள் செய்யலாமா?

செய்யுங்கள். கைபழகும். முருங்கை, துளசி, நொச்சி எதன் சாற்றை விட்டாலும் கரைசல் மஞ்சளாகிப் பழுப்பாகும். நிறமாலையில் 420 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு வரும். கையுறை போடாதவர் விரல் நுனியில் வெள்ளி கருப்பாகப் பிடித்து ஒரு வாரம் போகாது. வைவாவில் அந்த விரலைப் பார்த்தே யார் வேலை செய்தது என்று கண்டுபிடித்துவிடுவேன்.

அதன்பிறகு "புற்றுநோய் எதிர்ப்பு" என்று தலைப்பிடும்போதுதான் எனக்குக் கோபம் வரும். தட்டில் வளர்க்கும் செல்லை வெள்ளி கொல்லும். உப்புக் கரைசலும் கொல்லும், சோப்பும் கொல்லும். நல்ல செல்லை எவ்வளவு விட்டுவைத்தது என்று பக்கத்திலேயே காட்டினீர்களா? துகள் இல்லாத வெறும் இலைச்சாற்றைச் சோதித்தீர்களா? கரைந்து வந்த வெள்ளி அயனியின் வேலையா, துகளின் வேலையா என்று பிரித்தீர்களா? இன்னொன்று. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. மே மாதம் பறித்த இலையும் ஐப்பசி மழையில் பறித்த இலையும் ஒரே சாறு தராது. இரண்டிலும் செய்து, இரண்டு துகளும் ஒன்றுதானா என்று பாருங்கள். அந்த ஒரு கேள்விக்கே நல்ல புராஜெக்ட் கிடைக்கும். கழுவிய வெள்ளி நீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

உடம்பில் தங்கிவிட்டால் என்ன ஆகும்?

கருவைப் பொறுத்தது. ஏறத்தாழ 5.5 நானோமீட்டருக்குக் கீழே உள்ளவை சிறுநீரகம் வழியே எளிதில் போய்விடும், அதைவிடச் சற்றுப் பெரியவற்றிலும் சில போகும். கொழுப்பும் ஆல்புமினும் செரித்துவிடும். இரும்பை உடம்பு தன் இரும்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். தங்கம் செரிக்காது. கல்லீரலில் நெடுநாள் கிடக்கும். குவாண்டம் புள்ளிகள் எனப்படும் ஒளிரும் நானோ படிகங்களுக்கு 2023இல் வேதியியல் நோபல் கிடைத்தாலும், அவற்றில் பலவற்றில் காட்மியம் இருப்பதால் மனித உடம்பில் செலுத்தத் தயங்குகிறார்கள். இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகள் 2019இல் வந்தன.

இதைப் படிக்க எங்கே போக வேண்டும்?

வெகுதூரம் வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போகும் பஸ் பாப்பனங்கோட்டைக் கடக்கும். அங்கே மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான என்ஐஐஎஸ்டி இருக்கிறது. நகருக்குள் போனால் மருத்துவக் கருவிகளுக்கும் உடலுக்குள் வைக்கும் பொருள்களுக்கும் பெயர்பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். சென்னை ஐஐடியில் தலப்பில் பிரதீப் குழு நானோ பொருள்களால் குடிநீரைச் சுத்திகரிப்பதில் செய்திருக்கும் வேலையைக் கட்டாயம் படியுங்கள். வேதியியல், இயற்பியல், உயிரியல் எதிலிருந்தும் வரலாம். புள்ளியியலும் கொஞ்சம் கற்றுக்கொண்டு வாருங்கள்.

வீட்டிலேயே ஏதாவது செய்து பார்க்கலாமா?

இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் உப்புநீர், இன்னொன்றில் தண்ணீரில் கலந்த ஒரே ஒரு சொட்டு ரப்பர் பால். இருட்டில் பக்கவாட்டிலிருந்து சிவப்பு லேசர் விளக்கை அடியுங்கள், கண்ணில் படாமல். உப்புநீரில் ஒளி போகும் வழி தெரியாது. ரப்பர் பால் டம்ளரில் சிவப்புக் கோடு ஒன்று குறுக்கே நிற்கும். கரையாமல் மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் கோடு அது. ஆய்வகத்தில் துகளின் அளவை அளக்கும் கருவியும் இந்தச் சிதறலைத்தான் பார்க்கிறது. இனி அதில் நாலு சொட்டு வினிகர் விட்டுக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அடித்துப் பாருங்கள்.